முப்பத்தொன்றாவது புள்ளி

மந்தைவெளி, விஜயலக்ஷ்மி மாமி வீடு
2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு, மாலை 6 மணி 10 நிமிடம்

படம் எண் 9-ஐ எடுத்தவருக்கு,

உங்கள் படத்தில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் 31. இரண்டு தடவை எண்ணினேன்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம் என்பதால் விதியைச் சொல்லிவிடுகிறேன். நம் ‘ராத்திரிப் படக்காரர்கள்’ குழுவில் கொடிக்கயிற்றில் மாட்டும் படத்துக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. படத்தின் முன்னால் நின்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி விஜயலக்ஷ்மி மாமியின் தகரப் பெட்டியில் போட வேண்டும். யார் யார் என்பது மாமிக்கு மட்டும் தெரியும். கண்காட்சி முடியும்வரை இப்படித்தான். வாட்ஸப்பில் நாற்பது பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடையாறு கடலில் சேரும் இடம், அதிகாலை 2.35, ஷட்டர் திறந்திருந்தது இரண்டு விநாடி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தொடுவானம் நேராக இருக்கிறது. ஃபோகஸ் சரி. இருட்டைப் பார்த்துப் பயந்து அதை வெளுக்க வைக்கவில்லை. அதற்கு ஒரு சபாஷ். ஆனால் தண்ணீர் முழுக்கப் புள்ளி. இடது கீழ் மூலையில் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சதுரமாக, ஓரத்தில் சிவப்பாக இருக்கிறது. சந்தேகமே இல்லை, ஹாட் பிக்ஸல். கேமராவுக்குள் இருக்கும் சென்சாரில் ஒரு புள்ளி கெட்டுவிட்டால், எதிரே வெளிச்சம் இல்லாவிட்டாலும் அது படத்தில் பொட்டு வைத்துக்கொண்டே இருக்கும். ஒன்று அப்படி என்றால் மீதியும் அப்படித்தான். கேமராவை சர்வீஸுக்குக் கொடுங்கள், அல்லது தூக்கிப் போடுங்கள்.

ஆகஸ்ட் 30 கண்காட்சியில் பன்னிரண்டு படங்களுக்குத்தான் சுவர். மூன்று மதிப்பீட்டாளர்களில் தொழில்நுட்பம் பார்ப்பவன் நான். படம் எண் 9: நிராகரிப்பு. மறுப்பு இருந்தால் 25-ஆம் தேதிக்குள் எழுதலாம்.

மதிப்பீட்டாளர் 3


மயிலாப்பூர்
5 ஆகஸ்ட்

மதிப்பீட்டாளர் 3 அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் வணக்கம் இல்லை. இதில் பாதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பழுது என்று சொன்னவை ஆட்கள். முப்பது பேர்.

அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில், தண்ணீர் நன்றாக இறங்கியதும், நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு அவர்கள் ஆற்றில் இறங்கி வெறும் கையால் இறால் பிடிக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். குனிந்தே இருப்பதால் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடல் தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் மூத்தவரான செண்பகம் அக்கா ஒரு குரல் கொடுப்பார். உடனே எல்லோரும் நிமிர்ந்து, நெற்றி லைட்டைக் கரைப் பக்கம் திருப்பி, ஆடாமல் நிற்பார்கள். அக்கா கரையில் நின்று, தன்னைச் சேர்க்காமல், வாய்விட்டு எண்ணுவார். முப்பதும் வந்தால்தான் கரையேறுவார்கள். அந்த எண்ணிக்கை நடந்த நேரத்தில் எடுத்த படம் இது. அக்காவோடு சேர்ந்து நானும் எண்ணினேன்.

செண்பகம் அக்கா என் அப்பாவின் ஃபிரேம் கடைக்குத் தன் கல்யாணப் படத்தைக் கண்ணாடி போட எடுத்து வந்தவர். “கல்யாணத்துல ஒண்ணு எட்துது. அத்தோட சரி. நாங்க ஆத்துல நிக்கறத எவன் எட்துருக்கான், இருட்டுல இன்னா தெரியும்னு வுட்டுட்டானுங்க” என்றார். நான் எடுக்கிறேன் என்றேன். எடுத்தேன். கண்காட்சிச் சுவரில் மாட்டுவோம், எல்லோரும் வந்து பாருங்கள் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அதைக் காப்பாற்ற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

படம் எண் 9


மேற்கு மாம்பலம்
6 ஆகஸ்ட், புதன், இரவு 8.30

படம் எண் 9-க்கு,

வணக்கம். (வாங்கியதைத் திருப்பிவிட்டேன்.)

கதை நன்றாக இருக்கிறது. கணக்குத்தான் இடிக்கிறது. நீங்கள் முப்பது என்கிறீர்கள். படத்தில் 31. நேற்று மாமி வீட்டுக்குப் போய் மூன்றாவது தடவையும் எண்ணிவிட்டேன். நீங்கள் சொல்வது நிஜமானால் 30 வர வேண்டும். வரவில்லை.

இதைத் தீர்க்க ஒரு நிமிடம் போதும். லென்ஸ் மூடியைப் போடுங்கள். அதே இரண்டு விநாடி வைத்து ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வந்தால் நீங்கள் சொன்னது சரி. புள்ளி வந்தால் நான் சொன்னது சரி. கிண்டியில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. கருவியைச் சோதிக்காமல் அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. கருவியின் சொந்தக்காரர் சத்தியம் செய்தாலும்.

மதிப்பீட்டாளர் 3


மயிலாப்பூர்
8 ஆகஸ்ட்

மதிப்பீட்டாளர் 3 அவர்களுக்கு,

மூடியைப் போட்டு எடுக்க மாட்டேன்.

மூடியைப் போட்டால் கேமரா எப்படி என்று தெரியும். ஆட்கள் தெரிய மாட்டார்கள். முப்பது பேரை என் கண்ணால் பார்த்துவிட்டு, அவர்கள் இருந்தார்களா என்பதற்கு ஒரு கறுப்புக் காகிதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு மனசில்லை. சந்தேகம் இருந்தால் நீங்கள் போய்ப் பாருங்கள். உடைந்த பாலத்துக்கு இந்தப் பக்கம், மணல் திட்டு ஆற்றுக்குள் நீளும் இடம். போவதற்கு முன்னால் எந்த ராத்திரி, எத்தனை மணி என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. கொடியில் தொங்கிய படம் எண் 4 உங்களுடையது என்று நினைக்கிறேன். விடிவதற்கு முன் ரங்கநாதன் தெரு. எழுத்தை வைத்துச் சொல்லவில்லை, குணத்தை வைத்துச் சொல்கிறேன். அந்தத் தெருவில் ஒரு ஆள்கூட இல்லாத இரண்டு நிமிடத்துக்காக நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தீர்களோ! இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கத்தி மாதிரி கூர்மை. கடை ஷட்டர்களின் பூட்டுகளை எண்ணிப் பார்த்தேன், 58. பொறாமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் ஐம்பத்தெட்டையும் பூட்டிவிட்டுப் போனவர்கள் எங்கே?

படம் எண் 9


மேற்கு மாம்பலம்
10 ஆகஸ்ட், ஞாயிறு, காலை 7.00

படம் எண் 9-க்கு,

நேற்று, ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, போனேன். நீங்கள் சொன்ன மணல் திட்டு. இரவு 10.15 முதல் 11.50 வரை நின்றேன். நெற்றி லைட்டுகளின் எண்ணிக்கை: 0.

நிலா நன்றாக இருந்தது. தண்ணீர் முழுக்கத் தெரிந்தது. ஆள் இருந்திருந்தால் தவறவிட்டிருக்க முடியாது. ஒரு நாய் வந்தது, என் டிரைபாடை மோந்து பார்த்துவிட்டுப் போனது. சாட்சி அது ஒன்றுதான்.

தேதியைக் கேட்டு எழுதி, பதிலுக்காக நான்கு நாள் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. தினமும் நடக்கும் தொழில் என்றால் சனிக்கிழமையும் நடக்க வேண்டும்.

தீர்ப்பில் மாற்றம் இல்லை.

படம் எண் 4 என்னுடையதா என்பதைச் சொல்ல விதி இடம் தரவில்லை. பூட்டு 58 என்பது சரி.

மதிப்பீட்டாளர் 3


மயிலாப்பூர்
13 ஆகஸ்ட்

மதிப்பீட்டாளர் 3,

உங்கள் கடிதத்தைச் செண்பகம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பௌர்ணமிக்கா போச்சு அந்த ஆளு? பட்டப்பகலு மாறி நெலா கீற அன்னிக்கு எவ எறங்குவா? எறா என்னா கண்ணு தெரியாததா? அதுவும் பத்து மணிக்குத் தண்ணி இடுப்புக்கு மேல நிக்கும். படிச்ச புள்ளதானே அது?”

அமாவாசையை ஒட்டி என்று நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். 5-ஆம் தேதிக் கடிதம், மூன்றாவது பத்தி. எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். புள்ளியை மூன்று தடவை எண்ணுகிறவர் ஒரு வாக்கியத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்கலாம்.

அதன் பிறகு அக்கா சிரிக்கவில்லை. “அப்ப செவுத்துல மாட்ட மாட்டாங்களா?” என்று கேட்டார். மாட்ட மாட்டார்கள் என்றேன். “வுடும்மா, நீ எட்த்த, அத்தே போதும்” என்று இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ‘வுடும்மா’வைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நேற்று மாமி வீட்டுக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்துவிட்டேன். குழுவிலிருந்தும் விலகுகிறேன். இனி நீங்கள் எழுதினால் பிரிக்க மாட்டேன்.

பெயர் எதற்கு, எண்ணும் இனி இல்லை.


மேற்கு மாம்பலம்
23 ஆகஸ்ட், சனி, அதிகாலை 5.20

படம் எண் 9-க்கு,

பிரிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் உறையைத் திறந்தபடியே மாமியிடம் கொடுக்கப் போகிறேன். உரக்கப் படித்துக் காட்டச் சொல்வேன். காதை மூடிக்கொள்ள விதியில் இடமில்லை.

தப்பு என்னுடையது. இதை முதலில் எழுதிவிட்டேன். மீதியை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

இன்று அமாவாசை. அதிகாலை 2.10-க்கு மணல் திட்டில் இருந்தேன். உங்கள் படத்தை நினைவில் வைத்து அதே கோணத்தில் டிரைபாடை நிறுத்தினேன். ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் அசையும் சத்தம் மட்டும். திரும்பிப் போகலாமா என்று யோசித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

“இன்னா நைனா, எறா வாங்க வந்தியா, எங்கள புடிக்க வந்தியா?”

செண்பகம் அக்கா. புடவையை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தார், நெற்றியில் லைட், இடுப்பில் கூடை. நான் யார் என்று சொன்னேன். “ஓ, பௌர்ணமிக்கு வந்தது நீதானா!” என்று சொல்லி ஆற்றைப் பார்த்துக் கத்தினார்: “ஏய், அந்த நாய்க் கதக்காரரு வந்துகீறாருடி!” இருட்டுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. ஆள் தெரியவில்லை, சிரிப்பு மட்டும். இருபது முப்பது பேர் சிரித்தால்தான் அவ்வளவு சத்தம் வரும். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

அக்கா உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். காதைப் பொத்திக்கொண்டேன். “பேரக் கேட்டா செவுடாப் பூடுவியா?” என்றார். விதி என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

2.50. காலடியில் மணல் நனைந்தது. தண்ணீர் திரும்பிவிட்டது. அக்கா கரையில் நின்று வாயைக் குவித்து, “லைட்டத் தூக்குங்கடீ!” என்றார்.

தூக்கினார்கள்.

நான் இதை வர்ணிக்கப் போவதில்லை. நீங்கள் படமாகவே எடுத்துவிட்டீர்கள். கறுப்பாக இருந்த ஆற்றில் எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. ஒன்றும் ஆடவில்லை. அக்கா எண்ண ஆரம்பித்தார். நானும் எண்ணினேன். அக்கா இருபத்தொன்பதில் நின்றார்.

நானும் இருபத்தொன்பதில் நின்றேன்.

அக்கா மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இருபத்தொன்பது. பன்னிரண்டு வருடமாக ஏதாவது ஒன்றை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு எண் குறைந்ததற்காக நான் பயந்தது இதுதான் முதல் தடவை. அக்கா தண்ணீருக்குள் இரண்டு எட்டு வைத்து, “தேவான! ஏய் தேவான!” என்று அலறினார். இடது பக்கம் தூரத்து இருட்டிலிருந்து பதில் வந்தது:

“பேட்டரி பூட்ச்சுக்கா! நா இங்கதான் கீறேன்!”

அக்கா “முப்பது” என்றார். அதற்கப்புறம் திட்டினார். அந்தத் திட்டுகளைப் படம் எண் 9-க்கு எழுத விதி இடம் தராது.

எல்லோரும் கரையேறிய பிறகுதான் கவனித்தேன், ஷட்டர் வயர் என் கையிலேயே இருந்தது. அழுத்தவே இல்லை. எல்லாம் தயாராக வைத்திருந்தும் எண்ணிக்கொண்டே நின்றுவிட்டேன். நீங்கள் அதே இடத்தில், அதே நேரத்தில், எண்ணவும் எண்ணி, அழுத்தவும் அழுத்தியிருக்கிறீர்கள். முப்பது பேரும் பத்திரம் என்று தெரிந்த விநாடி உங்கள் படத்தில் இருக்கிறது. நான் அதை சர்வீஸுக்குக் கொடுக்கச் சொன்னேன்.

படத்தில் 31 என்பது இன்னும் உறுத்துகிறது. எங்கே இடறினேன் என்று இப்போது தெரிகிறது. மூலையில் ஒன்றைப் பார்த்தேன், மீதி முப்பதைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதினேன். ஒரு கருவியைச் சோதித்துவிட்டு முப்பதுக்கு முத்திரை குத்தினால் என் வேலையே போய்விடும். அந்த மூலைப் புள்ளி பழுதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். கேமராவைப் பார்க்காமல் அதை நிரூபிக்க முடியாது. வேண்டுமானால் அந்த ஒன்றை மட்டும் அழித்துப் புது பிரிண்ட் போடலாம். ஒரு நிமிட வேலை.

மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கும் எழுதிவிட்டேன். என் நிராகரிப்பு ரத்து. பன்னிரண்டு படங்களும் ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் இடம் இல்லை என்பார்கள். அதனால் படம் எண் 4-ஐ நான் வாபஸ் வாங்குகிறேன். ஆம், என்னுடையதுதான். அதிலுள்ள 58 பூட்டுகளில் ஒன்று என் அப்பாவின் பாத்திரக் கடைப் பூட்டு. தினமும் ராத்திரி அவர்தான் பூட்டுவார். நீங்கள் கேட்கும்வரை எனக்கு அது ஒரு பூட்டு மட்டும்தான்.

மயிலாப்பூரில் ஃபிரேம் கடைகளைத் தேடிப் போனால் அரை நாளில் உங்களைக் கண்டுபிடித்துவிடலாம். போகவில்லை. படம் இல்லாமல் சுவரில் எதை மாட்டுவது? நாளை மறுநாள் 25. தயவுசெய்து அனுப்புங்கள்.

(காலை 6.15. மாமி வாசலில் நின்றுகொண்டு இதைச் சேர்க்கிறேன். “ஏண்டா, விடிஞ்சும் விடியாம எங்காத்து வாசல்ல வந்து மண்ணும் சேறுமா நின்னுண்டிருக்கியே, பல்லாவது தேச்சியா? நீங்க ரெண்டு பேரும் எழுதிண்டே இருக்கேள், தூக்கிண்டு அலையறது நானா?” என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.)

மதிப்பீட்டாளர் 3
சுயம்புலிங்கம் (விதியை மீறி)


மயிலாப்பூர்
24 ஆகஸ்ட்

சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

மாமி உண்மையாகவே கடையில் வந்து நின்று உரக்கப் படித்தார். கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அப்பா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். இருபத்தொன்பது என்று வந்த இடத்தில், கடைக்கு வந்தவர்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள். மாமியே படிப்பதை நிறுத்தி, “இருங்கோ, தண்ணி குடிச்சுட்டு வரேன்” என்றார்.

படத்தை மாமியிடம் கொடுத்திருக்கிறேன். மெல்லிய கறுப்புச் சட்டம், நானே போட்டது. கண்ணாடி போடவில்லை, கண்காட்சி மண்டபத்தின் லைட் அதில் அடித்தால் அதையும் ஒரு புள்ளியாக எண்ணிவிடுவீர்கள்.

எதையும் அழிக்கக் கூடாது. எது ஆள், எது பழுது என்று உங்கள் பூதக்கண்ணாடி சொல்வதைவிடச் செண்பகம் அக்கா சொன்னால் நம்புவேன். அவர்கள் வந்து பார்க்கும்வரை ஒரு புள்ளிகூட நகரக் கூடாது.

30-ஆம் தேதி நான் இருக்க மாட்டேன். ஆம்பூரில் சித்தப்பா மகளுக்கு நிக்காஹ். நாளைக்கே கிளம்புகிறோம், திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு வேலை தருகிறேன். அவர்கள் வரும்போது படத்துக்குப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். இந்தப் படம் சுவரில் தொங்குகிறது என்பதை அவர்கள் பார்க்கும்போது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றையும் சுருக்காமல்.

படம் எண் 4-ஐ வாபஸ் வாங்கியது எனக்கு வருத்தம். ஆனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் ஆள் வைத்து எடுங்கள்.

கேமராவையும் மாமியிடம் விட்டுப் போகிறேன். மூடி அதிலேயே இருக்கிறது. இப்போது எனக்குக் கோபம் இல்லை. போட்டு எடுத்துப் பாருங்கள்.

ரூபீனா


அடையாறு
30 ஆகஸ்ட், சனி, இரவு 9.40

ரூபீனாவுக்கு,

வணக்கம். வந்தவர்கள் 212. ஆற்றிலிருந்து வந்தவர்கள், அக்காவைத் தவிர, 22. பிடித்த படத்துக்கு என்று பெட்டியில் விழுந்த ஓட்டுச் சீட்டுகள் 118. அதில் படம் எண் 9-க்கு மட்டும் 71. அடுத்த இடத்தில் இருக்கும் தெப்பக்குளப் படத்துக்கு 14. ஜெயித்துவிட்டீர்கள். சாதாரண ஜெயிப்பு இல்லை.

இனிச் சுருக்காமல்.

நாளை பிள்ளையார் கரைக்கும் கூட்டம் என்பதால் சனிக்கிழமையே வைத்தது நல்லதாகப் போயிற்று. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தோம். மத்தியானக் கல்யாணத்தின் சாம்பார் வாசனை அப்படியே இருந்தது. மாலை 5.25-க்கு மூன்று ஷேர் ஆட்டோ வந்து நின்றன. அக்காவோடு இருபத்து மூன்று பேர் எப்படி உள்ளே உட்கார்ந்தார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கும் புரியவில்லை. எல்லோரும் பட்டுப் புடவை. தலை நிறையப் பூ. ஆற்றில் பார்த்த ஒருவரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நேரே உங்கள் படத்துக்கு வருவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்தார்கள். தெப்பக்குளத்தின் முன்னால் நின்று தேவானை, “கொளம் சோக்கா கீது. மீனு எங்க?” என்றார். படத்தை எடுத்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். வாயைத் திறக்க முடியாது அல்லவா, பாவம், தவித்துப் போனார்.

அப்புறம் ஒன்பது.

அக்கா கிட்டே போனார். விரலை நீட்டினார், ஆனால் தொடவில்லை. அவர் முகத்தை எழுதச் சொன்னீர்கள். சரியாகச் சொல்ல முயல்கிறேன்: ஆற்றில் ‘முப்பது’ என்று சொன்னபோது, அவர் திட்டத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு விநாடி இருந்ததே, அந்த முகம். நான் அதை இரண்டாவது தடவையாகப் பார்த்தேன்.

பிறகு பெயர் சொல்ல ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்தேன். ஆற்றில் ஆளுக்கு ஓர் இடமாம். முட்டி வலிக்காரர்கள் கரையோரம், உயரமானவர்கள் கடல் பக்கம். வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வராத எட்டுப் பேரையும் சேர்த்துச் சொன்னார். “இவ எங்க நாத்தனா. இவ புதுசா கல்யாணம் ஆனவ. இது தேவான, அன்னிக்கு பேட்டரி இருந்துது.” பெயர் வந்ததும் அந்த ஆள் முன்னால் வந்து தன் புள்ளியைப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அவர்களே அப்படிச் செய்தார்கள், யாரும் சொல்லவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டினார்கள். வாய்தானே திறக்கக் கூடாது, கை தட்டக் கூடாது என்று விதியில் இல்லை. மாமிதான் முதலில் தட்டினார்.

முப்பது டிக். அக்கா நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“ஒண்ணு ஜாஸ்தி கீதே! இது எவ?”

இடது கீழ் மூலை.

அந்த நிமிடம் வர வேண்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தேன், மறைக்கவில்லை. மாமியிடமிருந்து உங்கள் கேமராவை வாங்கினேன். எல்லோரும் பார்க்க மூடியைப் போட்டேன். இரண்டு விநாடி. பின்பக்கத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். முழுக் கறுப்பு. இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு பொட்டு. அதே இடம், அதே சிவப்பு ஓரம்.

“இது ஆத்துல இல்லக்கா. கேமராவுக்குள்ள இருக்கு” என்றேன், விதியை மீறி. முப்பத்தொன்றில் ஒன்று நான் சொன்னது சரி. வாழ்க்கையில் இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணுக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அக்கா கேமராவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

“கேமரா அந்தப் பொண்ணுதுதானே?”

“ஆமா.”

“அன்னிக்கு நாங்க அல்லாரும் லைட்டு கட்டிக்கினு நின்னோம். அவ ஒருத்திதான் லைட்டு இல்லாம கரையில நின்னுக்கினு இருந்தா. அவளயும் சேத்து எண்ணு, நைனா. முப்பத்தொண்ணு.”

இடது கீழ் மூலை என்பது படத்தில் கரை இருக்கும் பக்கம். போய்ச் சரிபார்த்தேன். தொழில்நுட்ப ரீதியாக இதில் என்னால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நோட்டில் டிக் போட்டேன். படத்தின் கீழே நான் ஒட்டியிருந்த சீட்டில் ‘30 பேர்’ என்பதை அடித்து ‘31 பேர்’ என்று எழுதினேன். அப்போது வந்த கைதட்டலை எண்ண முடியவில்லை. முயற்சியும் செய்யவில்லை.

போகும்போது அக்கா, “படம் எங்க ஊட்டுக்கு எப்ப வரும்?” என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, அது உங்கள் தீர்ப்பு. மற்றபடி நான் செய்யப் போவது:

1. நீங்கள் ஆம்பூரிலிருந்து வந்ததும், ஆகஸ்ட் 3 தேதியிட்ட என் நிராகரிப்புக் கடிதத்தின் நகலை உங்கள் கடைக்கு எடுத்து வந்து, வரிசையில் நின்று, ஃபிரேம் போட்டு வாங்குவேன். கண்ணாடியோடு. மேஜைமேல் வைத்துக்கொள்ள.

2. இனி எந்தப் படத்தையும் அதை எடுத்தவருக்கு ஒரு கேள்வி எழுதிப் பதில் வாங்காமல் நிராகரிக்க மாட்டேன். பதில் வர நான்கு நாள் ஆனாலும் உட்கார்ந்திருப்பேன்.

3. திங்கட்கிழமை, அலுவலகத்திலிருந்து மீட்டரைக் கொண்டுபோய் முப்பது நெற்றி லைட்டுகளின் பேட்டரியையும் சோதிப்பேன். முதலில் தேவானையுடையது.

4. செப்டம்பர் 7 ராத்திரி முழுச் சந்திர கிரகணம். குழு மொத்தத்தையும் உடைந்த பாலத்துக்கு அழைத்துப் போவேன். அன்று பௌர்ணமி, ஆற்றில் ஆள் இருக்க மாட்டார்கள். இப்போது எனக்கே தெரியும்.

5. ரங்கநாதன் தெருவைத் திரும்ப எடுப்பேன். ராத்திரி கடை சாத்தும் நேரத்தில், ஐம்பத்தெட்டுப் பூட்டையும் பூட்டுபவர்களோடு. அப்பாவிடம் இன்றே சொல்லிவிட்டேன். எந்தச் சட்டை போடுவது என்று கேட்கிறார்.

6. செப்டம்பர் 22, திங்கள், அதிகாலை 2.10, மணல் திட்டு. அக்கா குரல் கொடுத்ததும் முதலில் ஷட்டரை அழுத்துவேன், அப்புறம்தான் எண்ணுவேன். தண்ணீரில் 30. கரையில் எத்தனை என்று அக்கா கேட்பார். இரண்டு என்று சொல்லலாமா என்பதை எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

சுயம்புலிங்கம்